விழாத போல்ட் பிறந்த கதை

‘டங்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கம்போளத்துக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அங்கே எங்கள் அம்பாசிடர் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. நாகர்கோவிலில் இருந்து எங்களை ஏற்றி வந்த வாடகைக் கார். வழியெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. சிக்னலில் நிறுத்தினால் மட்டும் எஞ்சின் மூச்சு வாங்கியது. ஏறும், இறங்கும், சாகப் போவதுபோல் நடுங்கும், மறுபடி ஏறும். மெக்கானிக் காதை வைத்துக் கேட்டார். “மானிஃபோல்டுல ஏர் எடுக்குது” என்றார். கழற்றினார், பேக்கிங்கை மாற்றினார், திரும்ப மாட்டினார். கடைசி நட்டை விரல் நுனியில் வைத்து, கார்ப்பரேட்டருக்கு அடியில் கையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு மரையைத் தேடியபோதுதான் அந்தச் சத்தம்.

“லேய் மக்கா, காந்தத்தை எடு.”

பையன் கம்பி முனையில் கட்டிய காந்தத்தை எடுத்து வந்தான். எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவில் துழாவினான். பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். நட்டு கிடைக்கவில்லை. மெக்கானிக் பழைய நட்டு ஒன்றை மாதிரிக்குக் கையில் கொடுத்து அவனைச் சாலைக் கம்போளத்துக்கு அனுப்பினார். ஒரு டீயின் விலைகூடப் பெறாத அந்த இரும்புத் துண்டுக்காக அரைமணி நேரம் காத்திருந்தோம். அந்த அரைமணி நேரத்தில் நான் அவருடைய கையைப் பார்த்தேன். விரல் முட்டிகளில் வரிசையாகத் தழும்புகள், சில ஆறியவை, ஒன்று அன்றைக்குப் பட்டது.

“இதை வரைஞ்சவன் இதுக்குள்ள கைய விட்டுப் பாத்திருக்க மாட்டான், பாத்துக்கிடுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் பல வருடங்களாக என்னோடு இருக்கிறது. இன்றைய கார்களில் அந்த இடத்தில் இருப்பது கீழே விழாத போல்ட். அது வரைந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே கையை விட்டுப் பார்த்ததால் பிறந்தது. பிறந்து முடிக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆயிற்று.

மூச்சுக்குழாய்

இன்டேக் மானிஃபோல்டு எஞ்சினுக்கு மூச்சுக்குழாய். ஒரு வாயில் உள்ளே வரும் காற்றைப் பிரித்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொண்டு சேர்க்கும். கார்ப்பரேட்டர் காலத்தில் அந்தக் காற்றோடு பெட்ரோலும் கலந்து வந்தது. ஒரு பக்கம் கார்ப்பரேட்டர், மறுபக்கம் சிலிண்டர் ஹெட். ஹெட்டும் மானிஃபோல்டும் சேரும் இடத்தில் ஒரு பேக்கிங். இந்த மூன்றையும் சேர்த்து இறுக்குவது சில போல்ட்டுகளும் நட்டுகளும்தான்.

எஞ்சின் சும்மா ஓடும்போது பிஸ்டன்கள் காற்றை இழுக்கின்றன. ஆனால் காற்று வரும் வாயிலுள்ள ‘திராட்டில்’ என்ற தடுப்பு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதனால் மானிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகிறது. வெளிக் காற்றின் அழுத்தம் 76 சென்டிமீட்டர் பாதரசம் என்றால், நல்ல எஞ்சினின் மானிஃபோல்டில் அதிலிருந்து 45, 50 சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும். வெளியே இருக்கும் காற்று எந்தச் சந்து கிடைத்தாலும் உள்ளே பாயக் காத்திருக்கிறது. ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் போதும், பேக்கிங் ஓரம் கசிந்துவிடும். கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகும், கலவை மெலியும், எஞ்சின் நடுங்கும். மெக்கானிக் ‘ஏர் எடுக்குது’ என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே எல்லா போல்ட்டுகளும் இருக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவு இறுகியிருக்க வேண்டும். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். இவ்வளவு கவனம் கேட்கும் போல்ட்டுகள், மானிஃபோல்டின் வளைந்த குழாய்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கின்றன. நேராகப் பிடிக்காமல் கோணலாக முதல் சுற்றுச் சுற்றினால் மரை போய்விடும். ஹெட் அலுமினியம் என்றால் அந்தச் சேதம் பெரிய செலவு. கழற்றி வைத்த நேரத்தில் ஒரு நட்டு திறந்திருக்கும் துளைக்குள் விழுந்து, அது தெரியாமல் எஞ்சினைக் கிளப்பினால் வால்வும் பிஸ்டனும் போயே போய்விடும். நல்ல மெக்கானிக் மானிஃபோல்டைக் கழற்றியதும் முதல் வேலையாகத் துளைகளில் துணி அடைப்பது அதனால்தான்.

மரைக்கு ஒரு மொழி

இந்தக் கதை போல்ட்டுக்கும் முன்னால், மரையில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் நாடு முழுக்கப் பட்டறைகளில் இருந்து போல்ட்டுகளைச் சேர்த்தார், அவற்றின் மரைகளை அளந்தார், சராசரி எடுத்தார். 1841இல் 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது அளவை முன்வைத்தார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையில் வேறொன்றைக் கொண்டுவந்தார். இரண்டு நாடுகள், இரண்டு மொழிகள். இரண்டாம் உலகப்போரில் ஒருவர் இயந்திரத்தை இன்னொருவர் பழுதுபார்க்க முடியாமல் தவித்த பிறகுதான், 1948இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன.

இந்த மரைச் சண்டையின் சுமை திருவனந்தபுரத்துக்கும் கப்பலில் வந்தது. 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். லண்டன் பேருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த ஈ.ஜி. சால்ட்டரை அழைத்து வந்து பொறுப்பில் வைத்திருந்தார்கள். முதல் பஸ்ஸை ஓட்டியவரும் அவரே. பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 சேஸிகள் இங்கிலாந்தில் இருந்து வந்தன, உடலை இங்கேயே மரத்தால் கட்டினார்கள். மறுநாளே நாகர்கோவிலுக்கு பஸ் ஓடத் தொடங்கியது. எங்கள் ஊரையும் கிழக்கேகோட்டையையும் இன்று எல்லை பிரிக்கிறது, பஸ் பிரிக்கவில்லை.

அந்தத் தலைமுறை பிரிட்டிஷ் வண்டிகளுக்கு விட்வொர்த் ஸ்பேனர். பிறகு வந்த அம்பாசிடருக்கு அங்குல ஸ்பேனர். 1983இல் மாருதி வந்ததும் மில்லிமீட்டர் ஸ்பேனர். ஒரே மெக்கானிக்கின் பெட்டியில் மூன்று குடும்பங்கள் ஒன்றையொன்று பேசாமல் கிடந்தன. கிட்டத்தட்டப் பொருந்தும் ஸ்பேனரைப் போட்டால் வழுக்கும், போல்ட்டின் மூலை மழுங்கும், விரல் முட்டி எஞ்சினில் போய் அடிபடும். நான் பார்த்த தழும்புகளில் பாதி அந்தக் குடும்பச் சண்டையில் பட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஜப்பானிய வழக்கம் வந்தபிறகு 10, 12, 14 என்று மூன்று ஸ்பேனர்களில் காரின் பெரும்பாதி வேலை முடிந்தது. சுலபமாக்கும் வேலையில் முதல் படி இது. போல்ட்டில் ஒன்றும் புதிதாக வரவில்லை. எல்லோரும் ஒரே மொழி பேச ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவே.

நான்கு பிடிகள்

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் மானிஃபோல்டைப் பார்த்தால் இன்றும் மரியாதை தோன்றும். காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி போல்ட் கிடையாது. எஞ்சினில் நான்கு ஸ்டட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புப் பிடி. அந்தப் பிடியின் ஒரு முனை மேல்குழாயை அமுக்கும், மறுமுனை கீழ்க்குழாயை அமுக்கும். ஒரு நட்டை இறுக்கினால் இரண்டும் சேர்ந்து இறுகும். நான்கு நட்டில் இரண்டு மானிஃபோல்டு.

ஸ்டட் என்பதே கைக்குச் செய்த உதவி. போல்ட் என்றால் குழாயைத் துளைக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போல்ட்டை நுழைக்க வேண்டும். ஸ்டட் என்றால் சுவரில் அடித்த ஆணி மாதிரி. பேக்கிங்கையும் குழாயையும் அதில் சட்டையைப் போல மாட்டிவிட்டு, இரண்டு கையும் ஓய்வாக நட்டைத் தேடலாம்.

ஹென்றி ஃபோர்டுக்கு இந்தச் சிக்கனம் தேவைப்பட்டது. 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஓடும் வரிசையைக் கொண்டுவந்தபோது, ஒரு சேஸியைப் பூட்ட எடுத்த பன்னிரண்டரை மணி நேரம் 93 நிமிடமாகக் குறைந்தது. ஒரே ஆள் முழுதாகப் பூட்டிக்கொண்டிருந்த எஞ்சின் 84 வேலைகளாகப் பிரிந்தது. ஒரு ஆள் நாள் முழுக்க ஒரே நட்டை இறுக்க ஆரம்பித்தார். அந்த ஒரு நட்டு கையில் நிற்காமல் விழுந்தால் வரிசை முழுக்க நிற்கும். வரைபவர்கள் பூட்டுபவரின் விரலைக் கணக்கில் எடுக்கத் தொடங்கினார்கள். அன்பினால் அல்ல, நிமிடங்களுக்காக. ஆனாலும் எடுத்தார்கள்.

நம் அம்பாசிடரும் இந்தப் பரம்பரைதான். அதன் நெடுங்கால இதயமாக இருந்த பி-சீரிஸ் எஞ்சினில் காற்று போகும் வழியும் புகை வரும் வழியும் ஒரே பக்கம். அந்த எஞ்சின் குடும்பத்தில் இரண்டு குழாய்களின் ஓரங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், நடுவே ஒரு ஸ்டட், அதன்மேல் தடித்த வாஷர் ஒன்று இரண்டையும் சேர்த்து அமுக்கும். சூடேறும்போது இரண்டும் வேறு வேறு அளவில் விரிய இடம் வேண்டும் என்பதற்கும் இது நல்ல ஏற்பாடு. ஆனால் மாட்டும் கைக்கு? குழாய், பேக்கிங், தடித்த வாஷர், நட்டு. தனித்தனியாக நான்கு பொருள்கள், இருப்பது இரண்டு கை. கிழக்கேகோட்டைச் சந்தில் விழுந்த நட்டு அந்தக் கணக்கில் மிச்சம் விழுந்தது.

மெக்கானிக்குகள் தாங்களாகவே வழி கண்டுபிடித்தார்கள். பாக்ஸ் ஸ்பேனருக்குள் ஒரு துளி கிரீஸ் தடவி நட்டை ஒட்டவைத்தார்கள். ஸ்பேனரைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, ஒரே ஒரு நட்டுக்கென்றே தனியாக ஒன்று செய்து வைத்துக்கொண்டார்கள். சூட்டில் பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பித்தளை நட்டு போட்டார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத பொறியியல் அது.

வாஷர் முதலில்

முதலில் விழாமல் நின்றது வாஷர். 1930களில் அமெரிக்காவில் ஒரு எளிய தந்திரம் பிறந்தது. போல்ட்டுக்கு மரை போடுவதற்கு முன்பே வாஷரை அதன் உடலில் கோத்துவிடுவது. பிறகு இரண்டு அச்சுகளுக்கு நடுவே உருட்டி மரை போடுவது. உருட்டும்போது உலோகம் பிதுங்கி மேலே எழும், மரையின் விட்டம் பழைய உடலைவிடப் பெரிதாகும். வாஷரின் துளை இப்போது மரையைத் தாண்டி வர முடியாது. சுற்றும், ஆடும், ஆனால் கழலாது. ‘செம்ஸ்’ என்ற பெயரில் இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது.

இதற்குள் ஒரு பெரிய யோசனை இருக்கிறது. இரண்டு பொருளைப் பசை போட்டு ஒட்டவில்லை, ஆணி அடிக்கவில்லை. செய்யும் வரிசையை மட்டும் மாற்றினார்கள். முதலில் கோர்ப்பது, பிறகு மரை போடுவது. விழாத போல்ட்டின் விதை இதுதான்.

ஒரு பெண்ணின் கண்ணீர்

அடுத்த படி ஜப்பானில். 1961இல் யமாடா எலக்ட்ரிக் என்ற நிறுவனத்தில் ஒரு சிறிய ஸ்விட்ச் பூட்டினார்கள். இரண்டு பொத்தான், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். சில நேரம் தொழிலாளி ஒரு ஸ்பிரிங்கை வைக்க மறந்துவிடுவார். ‘கவனமாக இரு’ என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. ஷிகெயோ ஷிங்கோ என்ற பொறியாளர் ஒரு சின்னத் தட்டை வைக்கச் சொன்னார். பெட்டியிலிருந்து முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வை, பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பூட்டு. பூட்டி முடித்தபின் தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால், மறந்தது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு அவர் முதலில் வைத்த பெயருக்கு ‘முட்டாள்தனத்தைத் தடுப்பது’ என்று பொருள். 1963இல் அராகாவா என்ற கார் உடல் தொழிற்சாலையில் மேலாளர் இந்தப் பெயரைச் சொல்லி ஒரு ஏற்பாட்டை விளக்கியபோது, அங்கே வேலை செய்த ஒரு பெண் அழுதுவிட்டார். இத்தனை நாளும் நான் முட்டாளாகவா இருந்தேன் என்பது அவர் கேள்வி. அதைக் கேள்விப்பட்ட ஷிங்கோ பெயரை மாற்றினார். ‘போக்கா-யோக்கே’. தவறிப்போவதைத் தடுப்பது என்று பொருள்.

பெயர் மாறியது மட்டுமல்ல, பார்வையே மாறியது என்று நான் நினைக்கிறேன். தவறுவது மனித இயல்பு. தவற இடம் வைத்தது வரைந்தவரின் குறை. கை நடுங்கும், வியர்க்கும், எட்டுமணி நேரம் கழித்து அலுக்கும். அந்தக் கையில் நட்டு நிற்கவில்லை என்றால் திட்ட வேண்டியது கையை அல்ல. அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. ஆனால் இந்தக் கதையில் விட்வொர்த்துக்கும் ஃபோர்டுக்கும் பக்கத்தில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

மூன்று கேள்விகள்

அதன்பின் இந்தப் பார்வைக்கு ஒரு கணக்கும் கிடைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டியூஹர்ஸ்டும், பூட்டுவதற்கு வசதியாக ஒரு பொருளை வடிவமைப்பது எப்படி என்பதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். 1991இல் இருவருக்கும் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

அவர்கள் ஒவ்வொரு உறுப்பையும் நிறுத்திவைத்து மூன்று கேள்வி கேட்கச் சொன்னார்கள். இது மற்றதிலிருந்து விலகி அசைய வேண்டியதா? இது கட்டாயம் வேறு பொருளால் ஆக வேண்டியதா? மற்றவற்றைப் பூட்டவோ கழற்றவோ இது தனியாக இருந்தே ஆக வேண்டுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அது தனி உறுப்பாக இருக்கத் தேவையில்லை. வாஷரை இந்தக் கேள்விகளின் முன் நிறுத்துங்கள், தேறாது. அது போல்ட்டின் தலையோடு சேர்ந்து விரிந்த பாவாடைத் தலையாக மாறிவிட்டது. பேக்கிங்? அது மானிஃபோல்டிலேயே ஒரு பள்ளத்தில் உட்கார்ந்த ரப்பர் வளையமாகிவிட்டது. போல்ட் மட்டும் மிச்சம். அதை ஒழிக்க முடியாது, ஒரு நாள் கழற்றியாக வேண்டும். ஒழிக்க முடியாததை மானிஃபோல்டோடு சேர்த்துக் கட்டிவைக்கலாம்.

பிளாஸ்டிக் வந்தது, போல்ட் பிறந்தது

வாய்ப்புத் தந்தது பிளாஸ்டிக். 1990களில் அலுமினிய மானிஃபோல்டுகளின் இடத்தில் கண்ணாடி இழை கலந்த நைலான் பரவத் தொடங்கியது. அலுமினியத்தின் பாதி அளவே அதன் அடர்த்தி. உள்சுவர் வழவழப்பு, காற்று தடையில்லாமல் ஓடும். வளைந்த குழாயை பிளாஸ்டிக்கில் வார்ப்பது எப்படி என்பதற்கு ஆரம்பத்தில் ஒரு அழகான வழி இருந்தது. வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த, 140 பாகைக்குள் உருகிவிடும் உலோகத்தில் உள் வடிவத்தைச் செய்து, அதைச் சுற்றி நைலானை வார்த்து, பிறகு சூடாக்கி உள்ளே இருப்பதை ஒழுகவிட்டுவிடுவார்கள். நம் ஸ்தபதிகள் மெழுகில் செய்வதன் தம்பி. பின்னாளில் இரண்டு பாதிகளாக வார்த்து, ஒன்றோடொன்று உரசி அதிரவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஒட்டவைக்கும் முறை வந்து விலையைக் குறைத்தது.

ஆனால் பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு. விடாமல் அமுக்கினால் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். எஞ்சின் சூட்டில் இன்னும் வேகமாக விட்டுக்கொடுக்கும். இன்று சரியாக இறுக்கிய போல்ட் சில மாதங்களில் தானாகத் தளரும், மறுபடியும் ‘ஏர் எடுக்கும்’. அதனால் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு குட்டி உலோகக் குழாயைப் புதைத்தார்கள். போல்ட்டின் இறுக்கம் முழுவதையும் அந்தக் குழாய் ஏந்திக்கொள்ளும். பிளாஸ்டிக் நசுங்காது. ரப்பர் வளையம் எவ்வளவு அமுங்க வேண்டுமோ அவ்வளவே அமுங்கும்.

அந்தக் குட்டிக் குழாய்தான் விழாத போல்ட்டின் தொட்டில். குழாயின் உட்புறம் ஓரிடத்தில் லேசாகக் குறுகியிருக்கும், அல்லது உள்ளே சிறு பொட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். போல்ட்டின் உடல் மெலிந்திருக்கும், மரைப் பகுதி மட்டும் பருத்திருக்கும். தொழிற்சாலையில் ஒருமுறை அழுத்தி உள்ளே தள்ளிவிட்டால் பருத்த மரை அந்தக் குறுகலைத் தாண்டிப் போய்விடும், திரும்பி வராது. வாஷரைக் கழலாமல் வைத்த அதே பழைய தந்திரம். போல்ட் மேலும் கீழும் ஆடும், சுழலும், தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. நுனியில் மரையில்லாத சிறு முனை ஒன்று விட்டார்கள். அது முதலில் துளைக்குள் நுழைந்து போல்ட்டை நிமிர்த்திவிடும், கோணலாகப் பிடிக்காது. கை எட்டாத கீழ் வரிசைக்கு வேறொரு வழி. அங்கே வட்டத் துளைக்குப் பதிலாக ‘யு’ வடிவ வெட்டு. போல்ட்டுகளை முதலிலேயே ஹெட்டில் பாதி ஏற்றிவிட்டு, மானிஃபோல்டை மேலிருந்து அவற்றின் மேல் இறக்கி உட்காரவைக்கலாம்.

இப்போது மானிஃபோல்டு தொழிற்சாலைக்கு வரும்போதே ரப்பரோடும் போல்ட்டுகளோடும் வருகிறது. எடுத்து வைத்து, வரிசையாக இறுக்கினால் வேலை முடிந்தது. நான்கு பொருள் இரண்டு கை என்ற பழைய கணக்கு, ஒரு பொருள் இரண்டு கை என்று நேரானது.

பாடியிலிருந்து

இந்தக் கதையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. சென்னை பாடியில் 1966இல் சுந்தரம் ஃபாஸனர்ஸ் போல்ட் செய்யத் தொடங்கியது. மதுரையில் பஸ் ஓட்டித் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் நிறுவனம். பஸ் ஓட்டியவர்களுக்கு நல்ல போல்ட்டின் அருமை தெரியாமல் இருக்குமா? கம்பிச் சுருளைக் காய்ச்சாமலே அடித்துத் தலை உருவாக்கி, வெட்டாமல் உருட்டி மரை போடும் முறை அது. வெட்டினால் உலோகத்தின் இழை அறுபடும். உருட்டினால் இழை மரையோடு வளைந்து ஓடும், வலு கூடும். 1990இல் இந்தியப் பொறியியல் நிறுவனங்களில் முதன்முதலாக ஐ.எஸ்.ஓ. 9000 சான்று பெற்றது இந்த நிறுவனம்தான். சில வருடங்களுக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி இங்கிருந்தே போனது.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எட்டு, அது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கும் என்று சொல்கிறது. புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்று சொல்கிறது. இப்படி எண்ணைத் தலையில் எழுதி வாக்குக் கொடுப்பது போல்ட்டுக்கு வாய்த்த கௌரவம்.

யாருடைய கை?

நான் மனதார வியக்கும் இந்தக் கதையில் ஒரு குறையும் இருக்கிறது. இந்த வசதிகள் எல்லாம் முதலில் தொழிற்சாலைக் கையை நினைத்துச் செய்யப்பட்டவை. அங்கே எஞ்சின் வெளியே தனியாக நிற்கும், சுற்றிலும் வெளிச்சம். பத்து வருடம் கழித்து, காருக்குள் திணித்த எஞ்சினைத் தெருவிளக்கில் பழுது பார்ப்பவரின் கை இன்னொரு கை. அவருக்கும் விழாத போல்ட் உதவுகிறது. ஆனால் அந்த ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்காமல் முழு மானிஃபோல்டையும் வாங்கு என்றால் அது உதவி அல்ல. இத்தனை நியூட்டன் மீட்டர்தான் இறுக்க வேண்டும் என்ற எண் கம்பெனிப் புத்தகத்தில் பூட்டிக் கிடந்தால், அவர் பழைய அலுமினியத்தை இறுக்கிய அதே பலத்தில் இறுக்கி மரையை இழப்பார். பூட்டச் சுலபம் என்று சொல்லும்போது கழற்றவும் சுலபமா என்று சேர்த்துக் கேட்கும் வடிவமைப்பாளர்தான், உண்மையில் உள்ளே கையை விட்டுப் பார்த்தவர்.

கிழக்கேகோட்டையில் இன்று நின்று பார்த்தால், 2022இல் ஓடத் தொடங்கிய மின்சார பஸ்கள் சத்தமில்லாமல் வந்து திரும்புகின்றன. அவற்றில் மானிஃபோல்டே இல்லை. மூச்சு விடாத வண்டிக்கு மூச்சுக்குழாய் எதற்கு? ஆனால் மின்சார வண்டியிலும் மூடிகளும் பெட்டிகளும் உண்டு, அவற்றுக்கு அடியில் எட்டாத மூலைகளும் உண்டு. மானிஃபோல்டுக்காகத் தேறிய வித்தைகள் அங்கேயும் வேலைக்குப் போகும்.

சென்ற முறை போனபோது அதே சந்தில் ஒரு சின்ன காரின் பிளாஸ்டிக் மானிஃபோல்டு கழன்றுகொண்டிருந்தது. அந்த மெக்கானிக் இல்லை. காந்தம் எடுத்து வந்த பையன் இப்போது தலை நரைத்து, அவர் நின்ற இடத்தில் நிற்கிறார். போல்ட்டுகளைத் தளர்த்தி மானிஃபோல்டைத் தூக்கி வெளியே எடுத்தார். போல்ட்டுகள் எல்லாம் அதிலேயே தொங்கின. ஒன்றுகூட விழவில்லை, விழவும் முடியாது. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் வெளியே எடுத்து முடிக்கும்வரை அவருடைய இடது உள்ளங்கை குழிந்து, மானிஃபோல்டுக்கு அடியிலேயே கூட வந்தது.